காஷ்மீரத்துச் சினார்

மரம் நடுவோர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பயனை எண்ணியே நடுவர். தென்னையை இளநீருக்கும் எண்ணெய்க்கும் நடுகிறோம். தேக்கை உத்தரத்துக்கும் கதவுக்கும் வளர்க்கிறோம். சாலையின் இருமருங்கிலும் புளியை வைத்த நம் முன்னோர், வழிச்செல்வோர்க்கு நிழலும் ஊராருக்குப் பழமும் ஒருங்கே கிடைக்க வழி செய்தனர். உண்ணத்தக்க கனி ஏதும் தராத ஒரு மரத்தை, அதன் நிழலையும், ஆண்டுக்கு ஒருமுறை சில வாரங்களே நிலைக்கும் இலையின் நிறத்தையும் கருதி நட்டு, பல நூற்றாண்டுகள் அதனைக் காத்து வந்த நாடு ஒன்று நம் பாரதத்திலேயே உண்டு. அந்நாடு காஷ்மீரம், அம்மரம் சினார்.

சினாரைப் பற்றிப் பேசுமுன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ‘இலையுதிர் காலம்’ என்று நாம் இன்று தயங்காமல் எழுதுகிறோம். ஆனால், பழந்தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இப்பெயருடையது ஒன்றும் இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பனவே அவர் கண்டவை. வடநாட்டு மலைகளில் இலை சிவந்து உதிரும் ஐப்பசித் திங்களில், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்து பயிர் பச்சென்று நிற்கிறது. நம் காட்டு மரங்கள் பல இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். அதுவும் குளிரால் அன்று, நீர் வறட்சியால். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட என் போன்றோர் இச்சொல்லை எழுதும்போதெல்லாம், பொழுதும் வேறு, காரணமும் வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டியவராகிறோம். நம் நாட்டில் இலை சிவந்து உதிரும் மரங்கள் அறவே இல்லை என்பதில்லை. வீட்டு முற்றத்து நாட்டு வாதுமையின் அகன்ற இலைகள் செக்கச் சிவந்து விழுவதைச் சிறுவயதில் பொறுக்கி விளையாடாதவர் நம்முள் அரியர். எனினும், ஒரு நாடு முழுவதும் அதனை ஒரு பருவத்தின் திருவிழாவாகக் கொண்டாடும் வழக்கம் நம்மிடையே தோன்றவில்லை.

காஷ்மீர மக்களும் நம்மைப் போலவே ஆண்டினை இரண்டிரண்டு திங்களாக ஆறு பருவங்களாய்ப் பகுத்தவர்கள். அவற்றுள் புரட்டாசியும் ஐப்பசியும் கூடிய பருவத்தை அவர்கள் ‘ஹருத்’ என்கின்றனர். இச்சொல் நமக்கு அயலானதன்று. வடமொழியில் ‘சரத்’ என்பது எதுவோ, அதுவே காஷ்மீரி மொழியில் ஹருத் ஆயிற்று. நூறு என்னும் பொருளுடைய ‘சதம்’ அம்மொழியில் ‘ஹத்’ என ஒலிப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சகரம் ஹகரமாகத் திரியும் முறை தெளிவாகும். நவராத்திரிக் காலத்தில் நாம் ‘சாரதா’ என வழங்கும் பெயரும் இச்சரத்தோடு உறவுடையதே. நெல் அறுவடையும் குங்குமப்பூக் கொய்தலும் நிகழும் இந்த ஹருத் பருவத்தில்தான் சினார் தன் நிறம் மாறுகிறது.

சினார் எத்தகைய மரம் என்று முதலில் காண்போம். பிளட்டானஸ் ஓரியென்டாலிஸ் என்பது தாவர நூலார் அதற்கு இட்ட பெயர். ‘அகன்றது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிளட்டானஸ் என்பது பிறந்தது. இலையின் அகலத்தையும் கிளைகளின் விரிவையும் பார்த்தவர்கள் அப்பெயர் பொருத்தமானதே என்பர். இலையின் வடிவத்தைத் தமிழர்க்கு விளக்குவது எளிது. ஆமணக்கின் இலையை நினைத்துக் கொள்ளுங்கள். விரித்த கையைப் போல, ஐந்து அல்லது ஏழு பிளவுகளோடு கூடிய இலை. பட்டையோ கொய்யா மரத்தின் பட்டையைப் போல ஏடு ஏடாக உரிந்து, உள்ளே வெளிறிய சாம்பலும் பசுமையும் கலந்த மழமழப்பைக் காட்டும். காய்கள் சிறு உருண்டைகளாக, ஒரு நூலில் கோத்த மணிகள்போல் தொங்கும். நன்கு வளர்ந்த மரம் நூறு அடி உயரத்தை எட்டும். அதன் அடிமரத்தைக் கட்டிப் பிடிக்கப் பத்துப் பேரும் போதாமல் போவதுண்டு.

‘சினார்’ என்பது பாரசீகச் சொல். இதற்கு ஓர் அழகிய கதை சொல்லப்படுகிறது. ஜஹாங்கீர் சக்கரவர்த்தி, மாலை வெயிலில் செந்நிறம் பூண்டு நின்ற இம்மரத்தைத் தொலைவிலிருந்து கண்டு, ‘இது என்ன நெருப்பு!’ எனப் பாரசீகத்தில் வியந்தாராம். ‘சி நார்’ என்ற அவ்வியப்பே மரத்தின் பெயராயிற்றாம். கேட்க இனிமையாக இருப்பினும் சரித்திரம் இதனை ஏற்காது. ஜஹாங்கீரின் கொள்ளுப் பாட்டனாரான பாபர், தம் நினைவுக் குறிப்புகளில் காபூலை அடுத்த மலைச்சாரலில் நின்ற சினார் மரங்களைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். பாபர் மறைந்தது 1530இல். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீக மொழியில் வழங்கிய பெயர் இது. மக்கள் தாம் நேசிக்கும் பொருளின் பெயருக்கு ஒரு கதை கட்டாமல் இருப்பதில்லை. காஷ்மீர மக்கள் தம் மொழியில் இதனைப் ‘பூன்யி’ என்கின்றனர். பவானி என்னும் தேவியின் பெயரே அவ்வாறு மருவிற்று என அவர்களுள் ஒரு சாரார் கூறுவர். அரசரின் வியப்பும் தேவியின் திருநாமமும் ஒரே மரத்தின் பெயரில் ஏற்றப்பட்டிருப்பது, அம்மரத்துக்கு அந்நாட்டார் அளித்த மதிப்பினைப் புலப்படுத்துகிறது.

இலையின் நிறத்தைக் கண்டு மகிழும் சுவை எங்கிருந்து வந்தது? பாபரின் குறிப்புகளே இதற்கும் ஒளி தருகின்றன. 1519ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், காபூல் நாட்டுத் தோட்டம் ஒன்றில் நின்ற இளம் ஆப்பிள் மரத்தை அவர் கண்டார். ஒவ்வொரு கிளையிலும் ஐந்தாறு இலைகளே ஒழுங்காக எஞ்சி, அழகிய நிறம் பூண்டிருந்தன. எத்துணைத் திறம் வாய்ந்த ஓவியரும் இதனைத் தீட்ட இயலாது என்னும் கருத்துப்பட அவர் எழுதி வைத்தார். போர்க்களங்களிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர், உதிரப் போகும் ஐந்தாறு இலைகளின் முன் நின்று, அதனை எழுதத்தக்க செய்தியாகவும் கருதினார். அவர் வழித்தோன்றல்கள் காஷ்மீரத்தைக் கைக்கொண்டபோது இச்சுவையையும் உடன் கொண்டு சென்றனர் எனலாம்.

இம்மரத்தைக் காக்க ஆள் வைக்கும் வழக்கமோ இன்னும் பழையது. பாரசீகப் பேரரசன் ஜெர்க்ஸீஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின்மேல் படையெடுத்துச் செல்லும் வழியில், இன்றைய துருக்கி நாட்டில் ஒரு சினார் மரத்தைக் கண்டான். அதன் அழகில் ஈடுபட்டு, பொன் அணிகளை அதற்குப் பூட்டி, தன் மெய்க்காப்பாளருள் ஒருவனை அதன் காவலுக்கு நிறுத்திச் சென்றான் என்று ஹிரோடோட்டஸ் எழுதுகிறார். சங்க காலத் தமிழ் வேந்தரும் காவல்மரம் உடையவராய் இருந்தனர்; பகைவர் அதனை வெட்டி வீழ்த்துவது வேந்தனை வென்றதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. நம் காவல்மரம் அரசனது மானத்தின் அடையாளம். ஜெர்க்ஸீஸ் வைத்த காவலோ மரத்தின் அழகுக்காகவே வைத்தது. அழகுக்காக நிற்கும் மரத்துக்குக் காவல் வேண்டும் என்னும் எண்ணம் சினாரின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

இனி, காஷ்மீரத்துக்கு இம்மரம் எப்பொழுது வந்தது என்னும் வினாவுக்கு வருவோம். முகலாயரே இதனைப் பாரசீகத்திலிருந்து கொணர்ந்து நட்டனர் என்பது பரவலான நம்பிக்கை. சுற்றுலாச் செல்வோர்க்கு வழிகாட்டுவோர் இன்றும் இதனையே சொல்வர். அக்பரின் படை காஷ்மீரத்தை வென்றது 1586இல். ஆகவே, இந்நம்பிக்கை மெய்யானால் அங்கே எந்தச் சினாரும் அதற்கு முற்பட்டதாக இருத்தல் கூடாது.

இந்நம்பிக்கையை மறுக்கும் சான்று முகலாயச் சக்கரவர்த்தியின் நூலிலேயே கிடைக்கிறது. ஜஹாங்கீர் 1620இல் காஷ்மீரத்தில் தங்கியிருந்தபோது எழுதிய குறிப்பில், ஸ்ரீநகருக்கு அணித்தேயுள்ள ராவல்பூர் என்னும் ஊரில் நின்ற ஒரு சினாரைப் பற்றிச் சொல்கிறார். அதன் உட்பகுதி எரிந்து பொந்தாகிக் கிடந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தாம் குதிரைமேல் அமர்ந்தபடியே, சேணம் பூட்டிய வேறு ஐந்து குதிரைகளோடும் பணியாளர் இருவரோடும் அப்பொந்தினுள் புகுந்ததாக எழுதுகிறார். தம் தந்தையார் அக்பர் அம்மரத்தினுள் முப்பத்து நான்கு பேரை நெருங்கி நிற்க வைத்தார் என்று அக்பர் நாமா கூறுவதையும் எடுத்துக் காட்டுகிறார்.

இச்செய்தியை ஒரு வழக்கறிஞர் நோக்கும் முறையில் நோக்குவோமாயின் முடிவு தெளிவு. அக்பர் வென்ற சில ஆண்டுகளுக்குள் முப்பத்து நான்கு பேரை அடக்கத்தக்க பொந்து உடையதாய் ஒரு மரம் நின்றதெனின், அது அக்பர் நட்ட மரமாதல் இயலாது. சினார் முழு வளர்ச்சி பெற நூற்றைம்பது ஆண்டுகள் வேண்டும் என்பர். அதன்பின் உள்ளே பொந்து விழுவதற்கு எத்தனை காலம் செல்லும்! ஆகவே அம்மரம் சுல்தான்களின் காலத்திலேயோ அதற்கு முன்னரோ வேரூன்றியதாதல் வேண்டும். வேறு சான்றுகளும் இம்முடிவுக்குத் துணை நிற்கின்றன. பட்காம் மாவட்டத்தைச் சார்ந்த சத்தர்காம் என்னும் ஊரில் நிற்கும் பெருஞ்சினார், ஹமதான் நாட்டிலிருந்து வந்த சூஃபிப் பெரியார் ஒருவரால் 1374இல் நடப்பட்டது என்பது அவ்வூர் மரபு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சைவ ஞானப் பெருமாட்டி லல்லேசுவரியின் பெயரால் வழங்கும் வாக்கு ஒன்றிலும் இம்மரத்தின் தண்ணிழல் நல்ல மனையாளுக்கு உவமையாக வருகிறது. கோயில் வாயிலிலும் தர்கா முற்றத்திலும், துல்முல் ஊரில் கீர் பவானி அம்மன் சந்நிதியைச் சூழ்ந்தும் சினார்கள் நிற்பதைக் காணும்போது, இம்மரம் அரசர் கையால் மட்டும் பரவியதன்று என்பது விளங்கும்.

அவ்வாறாயின் முகலாயர் செய்தது யாது? தனித்தனியே ஊர்ப்புறத்தில் நின்ற மரத்தை அவர்கள் சோலையாக்கினர். சோலைக்கு ஒழுங்கு கொடுத்தனர். தால் ஏரியின் மேற்குக் கரையில் நஸீம் பாக் என்னும் தோட்டம் இருக்கிறது. நஸீம் என்பது இளங்காற்று. நீர்மேல் வரும் காற்று தடையின்றி உள்ளே உலவுமாறு, சினார்களை வரிசை வரிசையாக இடைவெளி விட்டு அங்கே நட்டனர். அக்பர் காலத்தில் தொடங்கி ஷாஜஹான் காலத்தில் நிறைவுற்றது அச்சோலை என்றும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன என்றும் கூறுவர். இன்று அது காஷ்மீர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் அடங்கியிருக்கிறது. மாணவர்கள் நூலும் கையுமாக அந்நிழலில் நடக்கின்றனர். 1619இல் ஜஹாங்கீர் அமைக்கத் தொடங்கிய ஷாலிமார் பாக், 1633இல் ஆஸப் கான் அமைத்த நிஷாத் பாக் ஆகியவற்றிலும் நீரோடைக்கும் அருவிக்கும் துணையாகச் சினார் நின்றது.

தால் ஏரியின் நடுவிலே ஒரு சிறு தீவு உண்டு. அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு சினார் வைத்து, சூரியன் எத்திசையில் நின்றாலும் தீவில் நிழல் விழுமாறு செய்தனர். ஷாஜஹானின் மைந்தர் முராத் பக்ஷ் செய்வித்தது இது என்பர். ‘சார் சினார்’, அதாவது நான்கு சினார், என அது பெயர் பெற்றது. அத்தீவின் மற்றொரு பெயர் ‘ரூபா லங்க்’, வெள்ளித் தீவு என்பது பொருள். காஷ்மீரியில் ‘லங்க்’ என்றால் தீவு. கோதாவரியின் நடுவே உள்ள திட்டுகளை ஆந்திர மக்கள் இன்றும் ‘லங்க’ என்கின்றனர். நம் இலங்கையோ உலகறிந்தது. இமயத்தின் மடியில் உள்ள ஏரியிலும் தென்கடலிலும் ஒரே சொல் மிதப்பதைக் காணும்போது, வேற்று மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு அவ்வூர் சிறிது அணுக்கமாகிறது.

இம்மரத்தை வளர்க்கும் முறை வருத்தமற்றது. ஆயின் பொறுமையை வேண்டுவது. விதையிலிருந்தும் இது முளைக்கும். எனினும், மரம் உறங்கும் குளிர்காலத்தின் முடிவில், முற்றிய கிளையை நறுக்கிப் பதியமிட்டு வேர்விடச் செய்வதே எளிய வழி. நாற்றங்காலில் சில ஆண்டுகள் வளர்ந்தபின் மார்ச்சு மாதத்தில் நிலையான இடத்துக்கு மாற்றுவர். ஆழமான மண்ணும், வேருக்கு எட்டும் ஈரமும், நாற்பது ஐம்பது அடியேனும் பரந்த இடமும் அதற்கு வேண்டும். இளமையில் ஆடுமாடுகளிடமிருந்து காக்க வேலி வேண்டும். முப்பது ஆண்டுகளில் அது மரம் என்னும் தோற்றத்தைப் பெறும். அதன் முழுப் பெருமையைக் காண நட்டவனின் பேரனுக்கும் ஆயுள் போதாது. வாழை வைப்பவன் அடுத்த ஆண்டை எண்ணுகிறான். தென்னை வைப்பவன் தன் மக்களை எண்ணுகிறான். சினார் வைப்பவன் தான் முகமறியாத ஒருவரை எண்ணியே வைக்கிறான்.

இதனை உணர்ந்த ஒரு சொல் அவுரங்கசீப்பின் பெயரால் வழங்குகிறது. 1674இல் ஸ்ரீநகரத்து ஜாமா மசூதி தீப்பற்றி எரிந்தது. செய்தி அறிந்த சக்கரவர்த்தி, அங்கிருந்த சினார்களுக்கு ஊறு ஏதும் நேர்ந்ததா என்றே முதலில் வினவினாராம். பள்ளிவாசலை மீண்டும் கட்டிவிடலாம். முதிர்ந்த சினாரை எவரால் விரைவில் உண்டாக்க முடியும் என்பது அவர் கருத்து. இச்செய்தி செவிவழி வந்ததாயினும், தொழுகையில் பெரும் பற்றுடையவர் எனப் பெயர் பெற்ற ஓர் அரசரின் வாயில் இது வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. பொருளைச் செலவிட்டால் கட்டடம் வரும். காலத்தை எந்தக் கருவூலமும் தர இயலாது.

இனி, இலை நிறம் மாறுவது எவ்வாறு என்று காண்போம். கோடையில் இலை பச்சையாகத் தோன்றுவதற்குக் காரணம் பச்சையம் என்னும் பொருள். சூரிய ஒளியைக் கொண்டு மரத்துக்கு உணவு சமைப்பது அதுவே. ஹருத் பருவத்தில் பகல் குறுகி, இரவில் குளிர் ஏறும்போது, மரம் தன் செலவைச் சுருக்கத் தொடங்குகிறது. பச்சையத்தைச் சிதைத்து, இலையில் உள்ள தழைச்சத்தைக் கிளைக்கும் அடிமரத்துக்கும் மீட்டுக் கொள்கிறது. பசுமை விலகவே, முன்பே இலையினுள் மறைந்து கிடந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. அதன்மேல் புதிதாக ஒரு செந்நிறப் பொருளும் உண்டாகிறது. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து பிறப்பது அது. பகலில் தெளிந்த வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் செம்மை மிகும். மேகமும் புழுக்கமும் நீடித்தால் நிறம் மங்கும். ஆகவேதான், சமவெளியில் எவ்வளவு அக்கறையோடு வளர்த்தாலும் ஸ்ரீநகரின் 5,000 அடி உயரத்தில் காணும் வண்ணம் அங்கே வாய்ப்பதில்லை.

அக்டோபர் மாத நடுவில் தொடங்கும் இம்மாற்றம் நவம்பர் நடுவில் முடிந்துவிடும். முதலில் பழுத்த எலுமிச்சையின் மஞ்சள், பிறகு பித்தளையின் நிறம், அதன்பின் செம்பு, இறுதியில் காவிக்கல்லைக் குழைத்தாற்போன்ற செம்மை. ஒரே மரத்தில் இவை அனைத்தும் ஒரே நாளில் காணக் கிடைப்பதுண்டு. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்ந்து நீரோட்டத்தை அடைத்ததும், சிறு காற்றுக்கே இலைகள் கழன்று வீழ்கின்றன.

இங்கே சினாருக்கே உரிய ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மரங்களில் அடுத்த ஆண்டின் மொட்டு, இலைக்காம்பும் கிளையும் சேரும் கக்கத்தில் வெளிப்படையாகத் தெரியும். சினாரிலோ, காம்பின் அடிப்பகுதி ஒரு குல்லாயைப் போலக் குழிந்து, அம்மொட்டினை முற்றிலும் மூடிக்கொண்டிருக்கும். இலை வீழ்ந்தபின்னரே மொட்டு கண்ணுக்குப் புலனாகும். கோடை முழுவதும் தன் காம்புக்குள் வைத்துக் காத்த மொட்டை வெளிச்சத்துக்கு விட்டுவிட்டே அந்த இலை போகிறது.

வீழ்ந்த இலையையும் காஷ்மீர மக்கள் வீணாக்குவதில்லை. பெண்களும் சிறுவரும் அவற்றைப் பெருக்கிக் குவித்துத் தீயிட்டு, முற்றும் எரிந்து சாம்பலாகுமுன் நீர் தெளித்து அணைத்துக் கரியாக்குவர். அக்கரியை மூட்டைகளில் சேமித்து வைத்து, தை மாசிக் கடுங்குளிரில் ‘காங்கிரி’ என்னும் கணப்புச் சட்டியில் இடுவர். பிரம்பாலோ வளாராலோ பின்னிய கூடைக்குள் மண்சட்டி வைத்தது காங்கிரி. ‘பேரன்’ என்னும் நீண்ட அங்கிக்குள் அதனை ஏந்திக்கொண்டே அவர்கள் நடப்பர், பேசுவர், கடையில் அமர்ந்து வாணிகமும் செய்வர். ஐப்பசியில் கண்ணுக்கு நெருப்பாகத் தோன்றிய இலை, தை மாதத்தில் உடலுக்கு மெய்யாகவே நெருப்பாகிறது. செல்வர் நட்ட சோலையின் பயன் ஏழையின் குடிசைக்கு இவ்வழியில் சென்று சேர்ந்தது.

முகலாயர் வலி குன்றியபின் 1753 முதல் ஆப்கானியரும், 1819 முதல் சீக்கியரும், 1846 முதல் டோக்ரா அரசரும் காஷ்மீரத்தை ஆண்டனர். ஆட்சி மாறுந்தோறும் பழைய தோட்டங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன, மரங்களும் வெட்டுண்டன. டோக்ரா அரசர் காலத்தில் சினார் அரசுடைமையாகக் கருதப்பட்டது. குடியானவன் நிலத்தில் நின்றாலும் அதனைத் தொட அவனுக்கு உரிமை இல்லை. அக்காலத்தில் நிலவரித் திட்டம் வகுக்கச் சென்ற வால்டர் லாரன்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் வெளியிட்ட நூலில், லோலாப் பள்ளத்தாக்கில் தாம் அளந்த ஒரு சினாரின் சுற்றளவு 63 அடிக்கு மேற்பட்டது எனக் குறித்திருக்கிறார். அரசரின் மரம் என்பதால் அது தப்பியது என்பது உண்மை. அரசரின் மரம் என்பதாலேயே தன் வயலில் புதிதாக ஒன்றை நடக் குடியானவன் தயங்கியிருப்பான் என்பதையும் நாம் ஊகிக்கலாம். காவல் ஒன்றே மரத்தை வளர்த்துவிடாது. நடுவோர்க்கு அதில் உரிமையும் ஆசையும் வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின், 1969இல் ஜம்மு காஷ்மீரில் குறிப்பிட்ட சில மரங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. சொந்த நிலத்தில் நின்றாலும் அரசின் அனுமதி பெறாமல் சினாரை வெட்டலாகாது என அது விதித்தது. அவ்வாறிருந்தும், சாலைகளை அகலப்படுத்தும்போதும் கட்டடங்கள் எழும்போதும் முதிய மரங்கள் பல சாய்ந்தன. சார் சினார்த் தீவிலேயே பழைய மரங்கள் பட்டுப்போய், அவ்விடங்களில் வேறு மரங்களை வைக்க நேர்ந்தது. மார்ச்சு 15ஆம் நாளைச் சினார் நாளாகக் கொண்டு, ஆண்டுதோறும் அப்பொழுது கன்று நடும் வழக்கம் அங்கே நிலைபெற்றுள்ளது. அண்மையில் வனத்துறையின் ஆராய்ச்சி நிலையம் ஊர் ஊராகச் சென்று சினார்களைக் கணக்கெடுத்தது. ஒவ்வொரு மரத்துக்கும் தனி எண் கொடுத்து, அதன் உயரம், பருமன், உடல்நிலை முதலியவற்றைப் பதிந்து, கைத்தொலைபேசியால் படிக்கத்தக்க குறியீட்டுத் தகடும் பொருத்தினர். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் 28,000க்கும் மேற்பட்ட மரங்கள் இவ்வாறு பதிவாகியிருந்தன. ஜெர்க்ஸீஸ் நிறுத்திய காவலனின் இடத்தில் இன்று ஒரு தகடு நிற்கிறது என்று சொன்னால் தவறாகாது.

முதிய சினார் ஒன்றைக் காண்போர் அதன் அடிமரத்தில் பெரும் பொந்து இருப்பதைப் பார்த்து, மரம் இறந்துவிட்டதென எண்ணுவதுண்டு. அது பிழை. மரத்தின் உயிர் பட்டையை அடுத்த மெல்லிய அடுக்கிலே ஓடுகிறது. நடுவில் உள்ள வைரம் முன்பே உயிர் நீங்கியது. ஜஹாங்கீரின் குதிரைகள் புகுந்த பொந்துமரம் தழைத்து நின்றதும் இதனால்தான். உள்ளே வெறுமையாகிவிட்ட மரமும் ஒவ்வோர் இளவேனிலிலும் இலை விட்டு, ஒவ்வொரு ஹருதிலும் சிவக்கிறது. ஆகவே, பொந்து விழுந்ததைக் காரணம் காட்டி ஒரு சினாரை வெட்ட முற்படுதல், முதுமையை நோயென்று கருதும் அறியாமைக்கு ஒப்பாகும்.

டில்லியிலும் பஞ்சாபிலும் பிற வட மாநிலங்களிலும் அலுவல் நிமித்தம் வாழும் தமிழர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். காஷ்மீரம் செல்வோர் பெரும்பாலும் கோடை விடுமுறையிலேயே செல்கின்றனர். பனியையும் படகு வீட்டையும் கண்டு மீள்கின்றனர். வாய்ப்புடையோர் ஒருமுறை, தீபாவளியை ஒட்டிய நாட்களில், நஸீம் பாகின் சினார்களிடையே நடந்து வருதல் வேண்டும். காலடியில் சருகு சரசரக்க, தலைக்கு மேலே கிளைகள் செம்பொன்னாய் நிற்பதைக் காணும்போது, அங்கே நிழல் தரும் மரங்களை நட்டவர்கள் அந்நிழலில் அமர்ந்திருக்க முடியாது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் நட்டது நமக்காக. வந்த ஊரில் எத்தனை ஆண்டு இருப்போம், எப்பொழுது மாற்றலாகும் என்று கணக்கிட்டே வாழப் பழகியவர்கள் நாம். ஆயினும், குடியிருக்கும் அரசு இல்லத்தின் முற்றத்தில், அம்மண்ணுக்கு ஏற்ற ஏதேனும் ஒரு மரக்கன்றை ஊன்றிவிட்டுச் செல்வதற்கு நிலையான முகவரி வேண்டியதில்லை. அடுத்து வருவோர் அதன் நிழலில் நிற்பர். நட்டவர் யார் என்று அவர்கள் அறியாமற் போயினும் மரத்துக்கு அதனால் குறைவொன்றுமில்லை.